ரத்தப் பெட்டியும் மூன்று கிலோ ஐசும்

நாள் 14.08.2025, வியாழக்கிழமை, காலை 9.40 மணி. மனு ரசீது எண் 187/2025 தொடர்பாக, மனுவைக் கொடுத்தவரே தானாக நிலையத்துக்கு வந்து சொன்னது. சொல்லச் சொல்ல நிலைய எழுத்தரால் எழுதப்பட்டது.

என் பெயர் ஜெபசீலன். வயது 47. தகப்பனார் தேவதாசன், காலமாகிவிட்டார். குலசேகரத்தை அடுத்த ஈட்டிவிளையில் 6/41 எண் வீட்டில் குடியிருக்கிறேன். ரப்பர் பால்வெட்டுத் தொழில் செய்கிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நானூறு மரத்தில் பட்டை வெட்டிப் பால் எடுக்கிறேன். என் மனைவி ஸ்மைலின் 2023 ஜூன் மாதம் இறந்துவிட்டாள். என் மகள் பெர்லின், வயது 20, மார்த்தாண்டத்தில் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் கடந்த 11-ஆம் தேதி நான் எழுதிக் கொடுத்த மனுவை இன்று என்னிடம் காட்டியபோது, கோபத்தில் எழுதிய என் கையெழுத்து எனக்கே விளங்காததால், இன்று நான் சொல்ல எழுத்தர் எழுதுகிறார்.

டெங்கு தடுப்பூசி ஆராய்ச்சியில் வேலை செய்யும் நர்ஸ் ஜெஸ்மி, எங்களுக்கு மருந்துக்குப் பதிலாகப் பச்சைத் தண்ணீரைக் குத்தி ஏமாற்றிவிட்டார் என்பது அந்த மனு. அது முழுக்கத் தவறு என்று சொல்லவே வந்திருக்கிறேன். ரத்தம் கொண்டுபோகும் கார் இன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும். அதற்குள் இது முடிய வேண்டும் என்பதால் எழுத்தர் கொஞ்சம் வேகமாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மனைவி இறந்ததை எல்லாம் சொல்ல வேண்டாம், சம்பவத்தை மட்டும் சொல்லுங்கள் என்று உதவி ஆய்வாளர் பிந்து மேடம் சொன்னார்கள். சம்பவம் அங்கேதான் தொடங்குகிறது என்று நான் சொன்னேன். சரி, எழுதட்டும் என்றார்கள்.

ஸ்மைலினுக்கு 2019-இல் ஒரு தடவை டெங்கு வந்து குணமானது. அவளும் என்னுடன் பால் எடுக்கத் தோட்டத்துக்கு வருவாள். மழை பெய்து வெட்டு இல்லாத நாட்களில் பால் வடிய மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டைகளில் தண்ணீர் நிற்கும், அதில் கொசு முட்டையிடும். வெட்டு இல்லாவிட்டால் சிரட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் வந்து சொல்வதுண்டு. நாங்கள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவோம். 2023 ஜூன் மாதம் பெர்லினுக்கும் ஸ்மைலினுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் கண்டது. இரண்டு பேருக்கும் டெங்கு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. பெர்லினுக்கு அது முதல் தடவை, தேறிவிட்டாள். ஸ்மைலினுக்கு இரண்டாவது தடவை. நாலு நாள் அனலாகக் கொதித்த உடம்பு ஐந்தாம் நாள் விடியற்காலையில் குளிர்ந்தது. கையும் காலும் சில்லென்று இருந்தன. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டு, ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு மரம் வெட்டப் போனேன். ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தபோது அவள் அடுக்களைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு ஆட்டோவில் மடியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரண்டாம் நாள் இறந்துவிட்டாள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போதுதான் கவனிக்க வேண்டும், கை கால் சில்லிட்டால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து பால் எடுத்து முடிந்தபின் ஒரு சிரட்டையைக்கூட நான் நிமிர்த்தி விட்டுவிட்டு வந்ததில்லை.

இந்த வருடம் ஜூன் மாதம் ரப்பர் உற்பத்தியாளர் சங்கக் கட்டடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். டாக்டர் ராஜகுமார் என்பவரும் நர்ஸ் ஜெஸ்மியும் வந்தார்கள். டெங்குவுக்குப் புதுவிதமான தடுப்பூசி ஒன்றைச் சோதித்துப் பார்ப்பதாகவும், முதலில் டெங்கு வராதவர்களுக்குப் போட்டுப் பார்த்து, அது சரியானால் அடுத்த கட்டத்தில் ஒரு தடவை வந்தவர்களைச் சேர்ப்பதாகவும் சொன்னார்கள். எனக்கு டெங்கு வந்ததில்லை. பெர்லினுக்கு ஒரு தடவை வந்துவிட்டது. அவளுக்கு இனி இரண்டாவது தடவை வந்துவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் வேறு கவலை இல்லை. நான் போட்டுக்கொண்டால்தான் அவள் முறை வரும் என்று கணக்குப் போட்டு அன்றே பெயர் கொடுத்தேன். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர் சேர்ந்தோம்.

இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு சம்மதப் படிவம் தந்து வீட்டில் வைத்து நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்தேன். புரிந்ததா, சந்தேகம் உண்டா என்று ஜெஸ்மி இரண்டு தடவை கேட்டாள். எல்லாம் புரிந்தது என்று பெரிய ஆள் போலச் சொன்னேன்.

ஜூலை 7-ஆம் தேதி முதல் ஊசியும் 28-ஆம் தேதி இரண்டாவது ஊசியும் போட்டார்கள். இரண்டு நாளும் மருந்து வந்த பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஐஸ் கட்டிகள் இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். முதல் ஊசிக்கு முன்பு ரத்தம் எடுத்தபோது, பச்சை மூடி போட்ட குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க உள்ளே மருந்து இருக்கிறது என்று ஜெஸ்மி சொன்னாள். நாங்கள் ரப்பர் பாலில் அமோனியா விடுவது போலவா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு, "அதே கணக்குதான் அண்ணே" என்றாள். நல்ல பெண். அவள் மேலே எனக்கு அன்றைக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 11-ஆம் தேதி, எல்லோரிடமும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். மருந்து வேலை செய்ததா என்று அதில்தான் தெரியும். பதினொரு பேரில் அபினேஷ் என்பவருக்கு சவுதி விசா வந்து அவர் 5-ஆம் தேதியே விமானம் ஏறிவிட்டதால் மீதி பத்துப் பேர் இருந்தோம். பத்துக்குக் குறைந்தால் இந்த ஊரின் கணக்கு செல்லாது, அடுத்த கட்டம் இங்கே நடக்காது என்று ஜெஸ்மி அப்போதே சொல்லியிருந்தாள்.

எனக்குப் பொறுமை கிடையாது. மூக்கின் மேல் கோபம் என்பார்கள், எனக்குப் பொறுமையின்மையும் அங்கேதான் இருக்கிறது. கொரோனா காலத்தில் ஊசி போட்டவர்கள் எல்லாம் ஆன்டிபாடி பார்த்துவிட்டு வந்து பெருமை பேசியது நினைவிருந்ததால், 9-ஆம் தேதி சனிக்கிழமை மார்த்தாண்டத்தில் ஒரு லேபில் யாருக்கும் தெரியாமல் டெங்கு ஆன்டிபாடி பரிசோதனை செய்துகொண்டேன். மாலையில் காகிதம் தந்தார்கள். அதில் நெகட்டிவ் என்று இருந்தது. இரண்டு ஊசிக்குப் பிறகும் உடம்பில் ஒன்றும் உண்டாகவில்லை என்றால் அது மருந்தே இல்லை என்று நான் முடிவு செய்தேன். அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆலயம் விட்டதும் வாசலில் நின்று, "பச்சவெள்ளத்தக் குத்திட்டுப் போயிருக்காவ" என்று கண்டவர்களிடம் எல்லாம் சொன்னேன். டீக்கடையிலும் சொன்னேன். சலூனிலும் சொன்னேன்.

11-ஆம் தேதி திங்கட்கிழமை சங்கக் கட்டடத்தில் ஜெஸ்மி ஒன்பது பேரிடம் ரத்தம் எடுத்தாள். நான் கொடுக்கவில்லை. வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரை மணிக்கு அவள் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். எங்கள் ஊருக்குள் கார் ஏறாது, கார் குலசேகரத்தில் நிற்கும். நான் குறுக்கே போய் வண்டியை மறித்து, பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். அவள் திறந்து காட்டினாள். உள்ளே முப்பத்தாறு குழாய்கள் இருந்தன. ஒரு பொட்டு ஐஸ் இல்லை. ஊசி வந்த பெட்டிக்கு ஐஸ் உண்டு, ரத்தம் போகிற பெட்டிக்கு ஐஸ் இல்லை என்றால், இந்த ரத்தத்தை யாரும் பரிசோதிக்கப் போவதில்லை, வழியில் கொட்டிவிட்டுப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதுவும் ஒரு சாட்சி கிடைத்தது போல இருந்தது. பெட்டியைப் பறித்தேன். அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை, பெட்டியைத்தான் இழுத்தேன். ஆனாலும் அவள் கையில் கட்டியிருந்த வாட்ச் வார் அறுந்தது. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு பெட்டியை என் பைக்கில் வைத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தேன். வரும் வழியில் சந்திப்பில் முட்டத்திலிருந்து டெம்போவில் மீன் கொண்டுவந்து விற்கும் ஜெனோ நின்றிருந்தான். சாட்சிப் பொருள் கெட்டுப்போனால் பின்னால் என் பேச்சை யார் நம்புவார்கள் என்று நினைத்து, அவனிடம் மூன்று கிலோ ஐஸ் கேட்டேன். "மீனு வாங்காம ஐஸ் மட்டும் எதுக்கு அண்ணே? பெட்டில என்ன மீனு?" என்று கேட்டான். காசைக் கொடுத்துவிட்டு ஐசைப் பெட்டிக்குள் கொட்டி, குழாய்கள் முழுவதும் மூடும்படி கையால் அமுக்கி நிரப்பினேன். கடலோரத்தில் மீனானாலும் மலையோரத்தில் இறைச்சியானாலும் கெடாமல் இருக்க ஐஸ் போடுவதுதான் எனக்குத் தெரிந்த முறை. அதை மிகவும் அக்கறையாகச் செய்தேன் என்பதுதான் இதில் கேவலம்.

நிலையத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டேமுக்கால். சுதந்திர தினப் பாதுகாப்பு வேலையாக உதவி ஆய்வாளர் வெளியே போயிருந்தார்கள். மனுவை எழுதி எழுத்தரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை மூடியைத் திறந்து ஐஸ் கரையாமல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

மூன்று மணிக்கு உதவி ஆய்வாளரும், அவர்களுக்குப் பின்னால் ஜெஸ்மியும் வந்தார்கள். ஜெஸ்மி நேராகப் பெட்டியின் அருகில் குனிந்து மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து சாளை மீன் வாடை வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"யாரு அண்ணே இதுல ஐஸ் போட்டது?"

"நான்தான். கெட்டுப்போவாண்டாம்னு."

அவள் அழுவாள், இல்லையென்றால் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. தரையில் உட்கார்ந்து, குழாய்களை ஒவ்வொன்றாக ஐசுக்குள்ளிருந்து எடுத்து, தன் துப்பட்டா முனையால் துடைத்து, ஒன்பது பேருக்கும் நாலு நாலாக வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொன்றையும் துடைத்தபின் உள்ளங்கையில் வைத்து மூடிக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். அவள் அப்படிப் பிடித்ததைப் பார்த்தபோதே ஏதோ பிசகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

நாலரை மணிக்கு டாக்டர் ராஜகுமார் வந்தார். நான் மார்த்தாண்டத்துக் காகிதத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, "இது நெகட்டிவ்னுதான் வரணும் ஜெபசீலன். பாசிடிவ்னு வந்திருந்தா நான்தான் பயந்திருப்பேன்" என்றார். பிந்து மேடம் அவரை உட்காரச் சொல்லி விவரமாகச் சொல்லும்படி கேட்டார்கள். அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டில் சொல்கிறேன்.

டெங்குவில் நாலு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் உடம்பில் ஆன்டிபாடி உண்டாகும். அடுத்த வகை வரும்போது அந்த ஆன்டிபாடி அதைச் சரியாகப் பிடிக்க முடியாமல், சிலருக்கு அந்தக் கிருமியைச் செல்லுக்குள்ளே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். இரண்டாவது தடவை மோசமாக ஆவதற்கு இது ஒரு காரணம். ஆகையால் இந்த ஊசியை ஆன்டிபாடியை எழுப்பாத விதத்தில் வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். இதில் கிருமி இல்லை. கிருமியின் புரதத்தில் உள்ள சில சின்னஞ்சிறு துண்டுகளை மட்டும், மணி கோப்பது போல ஒவ்வொன்றாகக் கோத்து இயந்திரத்தில் செய்கிறார்கள். அதற்குப் பெப்டைடு என்று பெயர். அந்தத் துண்டைப் பார்த்துப் பழகிக்கொள்வது டி செல் என்ற ஒருவகை வெள்ளையணு. பின்னால் உண்மையான கிருமி வந்து உடம்பின் ஏதாவது ஒரு செல்லுக்குள் புகுந்துகொண்டால், அந்தச் செல்லின் வெளிப்புறத்தில் இந்தத் துண்டு தெரியும். டி செல் அதை அடையாளம் கண்டு அந்தச் செல்லையே அழித்துவிடும்.

நான் கேட்டேன். "வேலிக்குக் காவல் நிக்குதவன் வேற, தோட்டத்துக்குள்ள சீக்கு புடிச்ச மரத்தப் பாத்து வெட்டி மாத்துதவன் வேற. அப்படித்தானா சார்?"

"அப்படித்தான். நீங்க காவல்காரன் எங்கன்னு தேடிட்டு, தோட்டத்துல ஆளே இல்லன்னு கேஸ் குடுத்திருக்கிய."

"அப்போ மரம் வெட்டுதவன் வந்தானான்னு எப்படிப் பாக்கது?"

"அதுக்குத்தான் இந்த ரத்தம். அவன் உசுரோட லேபுக்கு வரணும். அங்க வச்சு அந்தத் துண்ட அவன்கிட்ட காட்டுவோம். அடையாளம் தெரிஞ்சா வேலைய ஆரம்பிப்பான், நமக்குத் தெரியும். மருந்துக்கு ஐஸ் வேணும், அது உசுரில்லாத சரக்கு. இது அப்படி இல்ல. இதுக்கு நாம இருக்கப்பட்ட இடத்துச் சூடு போதும். ஐஸ்ல மூணு மணிக்கூறு கெடந்தா வெறச்சுப் போவும், பொறவு காட்டினாலும் ஒண்ணும் செய்யாது."

அவர் தன் செல்போனில் ஒரு படம் காட்டினார். வேறு ஊரில் இதே ஊசி போட்ட முதல் குழுவின் பரிசோதனைத் தட்டு என்றார். சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஊசிக்கு முன்பு எடுத்த ரத்தம் இருந்த குழிகள் வெறுமையாக இருந்தன. ஊசிக்குப் பின்பு எடுத்தவற்றில் நீலப் புள்ளிகள் நிறைய இருந்தன. ஒரு புள்ளி என்றால் அந்தத் துண்டை அடையாளம் கண்டுகொண்ட ஒரு டி செல். என் வெட்டுச் சட்டையில் ரப்பர் பால் தெறித்துக் காய்ந்த புள்ளிகள் அப்படித்தான் இருக்கும். எத்தனை தடவை துவைத்தாலும் போகாது, அதற்காக ஸ்மைலின் என்னைத் திட்டாத நாள் இல்லை. இந்தப் புள்ளியும் அதுபோல வருடக்கணக்கில் போகாமல் இருக்குமா என்று கேட்டேன். அதைத்தான் இனி பார்க்க வேண்டும், புள்ளி விழுந்ததாலேயே நோய் வராது என்று இப்போது யாரும் சொல்ல முடியாது, ஆனால் விழாமல் எதுவும் தொடங்காது என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

அன்று இரவு சாப்பாட்டின்போது பெர்லினிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் எழுந்து போய் அந்த இருபத்திரண்டு பக்கப் படிவத்தை எடுத்து வந்து, ஒன்பதாம் பக்கத்தை விரித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆன்டிபாடி உண்டாகாது என்று அதில் எழுதியிருந்தது.

"எல்லாம் வாசிச்சாச்சுன்னு சொன்னியளே அப்பா."

அவளுக்காகத் திறக்கப் பார்த்த கதவை நானே இழுத்துச் சாத்திவிட்டேன் என்பது எனக்கு அப்போது முழுதாக உறைத்தது. உடம்பு குளிர்ந்தால் நல்லது என்று நினைத்து ஒரு தடவை என் மனைவியை விட்டுவிட்டு மரம் வெட்டப் போனேன். குளிர்ந்தால் நல்லது என்று நினைத்து இன்னொரு தடவை ஒன்பது பேருடைய ரத்தத்தைக் கெடுத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஸ்மைலின் சொல்வாள்.

மறுநாள் 12-ஆம் தேதி டாக்டர் போன் செய்தார். ரத்தம் எடுக்கக் குறித்த நாளிலிருந்து மூன்று நாள் வரை, அதாவது 14-ஆம் தேதி வரை எடுக்கலாம் என்றும், இரண்டாவது தடவை எடுக்க அவர்களுடைய நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கிவிட்டதாகவும், ஆனால் யாரையும் வற்புறுத்தக் கூடாது என்றும் சொன்னார். பச்சைத் தண்ணீர் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்ததால் யாரும் வர மாட்டார்கள் என்று ஜெஸ்மி பயந்தாள். ஆகவே அன்று மாலை நான் ஒவ்வொரு வீடாகப் போனேன். ரத்தம் கொடுங்கள் என்று நான் ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. "நான் சொன்னது தப்பு, அதச் சொல்லத்தான் வந்தேன்" என்று மட்டும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒரு அம்மாள், "ரத்தத்துக்கு ஐஸ் போட்டியாமே, கூட ரெண்டு சாளையும் போட்டிருக்கலாமே" என்றாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். 13-ஆம் தேதி காலையில் எட்டுப் பேர் வந்து கொடுத்தார்கள். என்னையும் சேர்த்து ஒன்பது. பெட்டி ஐஸ் இல்லாமல் ஒழுங்காகத் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தது.

வராதவர் வைகுண்டராஜன் ஒருவர்தான். வயது 54, அவரும் பால்வெட்டுக்காரர், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். அய்யாவழியைச் சேர்ந்தவர், சத்தியம் என்றால் சத்தியம் என்று நிற்பவர். நேற்று மதியம் நான் போனபோது தட்டுகளில் ரப்பர் பாலை ஊற்றி, அது உறைய ஆசிட் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"ஏலே ஜெபசீலா, பச்சவெள்ளம்னு எத்தன பேருகிட்ட சொன்ன?"

"ஊரு பூராவும் சொன்னேன் அண்ணே."

"தப்புன்னு எத்தன பேருகிட்ட சொன்ன?"

"எட்டு வீட்ல."

"போலீஸ் ஸ்டேஷன்ல?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"எனக்கு ரத்தம் தாறதுக்கு மடியோ பயமோ ஒண்ணும் இல்ல. ஒரு தடவ தந்தவனுக்கு ரெண்டு தடவ தர முடியாதா? ஆனா அந்தப் பிள்ளைக்க பேரு ஸ்டேஷன் புஸ்தகத்துல கள்ளின்னு கெடக்கு. நாளைக்கு அது வேற வேலைக்குப் போனாலும் அந்தப் பேரு முன்ன போய் நிக்கும். வாயால சொன்னா காத்துல போவும். எழுத்துல போட்ட குத்தத்த எழுத்தாலதான் எடுக்கணும். நீ போய் எழுதிக் குடு. நான் வந்து கேக்குதேன். கேட்டுட்டு கைய நீட்டுதேன்."

அதனால்தான் இன்று வந்திருக்கிறேன். அவர் சொன்னதனால் மட்டும் வந்தேன் என்று எழுத வேண்டாம். அவர் சொல்லும்வரை எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் போதும், அதுதான் உண்மை.

நர்ஸ் ஜெஸ்மி எங்களை ஏமாற்றவில்லை. அவள் போட்டது மருந்துதான். படிவத்தில் எழுதியிருந்ததைப் படிக்காதது என் குற்றம். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வெளியே போய்ப் பரிசோதித்தது என் குற்றம். நடுரோட்டில் ஒரு பெண்பிள்ளையை மறித்ததும், பெட்டியைப் பறித்ததும், வாட்ச் வாரை அறுத்ததும் என் குற்றம். வார் புதிது வாங்கிக் கொடுத்துவிட்டேன், அவள் வாங்கிக்கொண்டாள். என் மீது நடவடிக்கை எடுப்பதானால் எனக்கு மறுப்பு இல்லை. நாளை மறுநாள் மரம் வெட்டும் நாள் என்பதால் அதற்கு அடுத்த நாள் கூப்பிட்டால் உபகாரமாக இருக்கும்.

பத்தாவது ஆள் கொடுத்தால் எங்கள் ஊர் கணக்கு செல்லும். செல்லுமானால் அடுத்த வருடம் ஒரு தடவை டெங்கு வந்தவர்களையும் சேர்ப்பார்கள். பெர்லின் பெயரை முதலில் எழுதிக்கொள்ளும்படி ஜெஸ்மியிடம் சொல்லியிருக்கிறேன். எழுதுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைதான் எல்லாப் பக்கத்தையும் படிக்க வேண்டும், அப்பா படித்தால் போதாது என்று அவள் சொன்னாள். பல நாளுக்குப் பிறகு நேற்று நான் சிரித்தேன்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதில் ஒரு சொல்லும் மற்றவர் எடுத்துக் கொடுத்து நான் சொன்னதில்லை. எழுத்தர் இதை முதலிலிருந்து கடைசிவரை உரக்க வாசித்தார். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் இருக்கும் வைகுண்டராஜனுக்கும் கேட்கும்படி நான்தான் உரக்க வாசிக்கச் சொன்னேன். ஓரிடத்தில் மட்டும் ஒரு சேர்க்கை: மனுவைக் கோபத்தில் எழுதியதாக மேலே இருக்கிறது. கோபத்திலும் துக்கத்திலும் என்று இருக்க வேண்டும். மற்றது எல்லாம் நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்) தே. ஜெபசீலன்

என் முன்னிலையில் எழுதி முடித்தது காலை 11.10 மணி. மனு எண் 187/2025, தவறான புரிதலால் கொடுக்கப்பட்டது என்று குறித்து முடிக்கப்படுகிறது. நர்ஸ் ஜெஸ்மி மீது குற்றம் எதுவும் இல்லை.

(ஒப்பம்) பிந்து, காவல் உதவி ஆய்வாளர்

சாட்சி: வைகுண்டராஜன், வயது 54, ஈட்டிவிளை. வாசித்ததைக் கேட்டபின் சாட்சிக் கையொப்பம் கேட்டபோது, கொஞ்சம் பொறுக்கும்படி சொல்லி நிலையத்தை அடுத்து, நர்ஸ் ஜெஸ்மி காத்திருந்த சுகாதார நிலையத்துக்குப் போய், 11.32 மணிக்குத் திரும்பி வந்தார். வலது முழங்கையில் பஞ்சு வைத்து மடக்கியிருந்தபடியால் இடது கையால் கையொப்பமிட்டார்.